இன்பராஜுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்த வருடம்

மாசி மாதக் கடைசியில், தங்கச் சுரங்கம் மூடிப்போன எங்கள் ஊரில், ஸ்கெலட்டன் என்கிற குடியிருப்புக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து படித்துக்கொண்டிருந்த ரோபோவுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. முதலில் வலது கன்னம் வீங்கியது. மறுநாள் காலையில் இடது கன்னமும் அதற்குச் சமமாக வந்து நின்றது. வெள்ளை பிளாஸ்டிக்கில் செய்த கன்னம் எப்படி வீங்கும் என்று பெங்களூரில் இருந்த கம்பெனிக்காரர்கள் கேட்டார்கள். ஊரில் யாரும் கேட்கவில்லை. கன்னம் என்று ஒன்று இருந்தால் அது ஒரு நாள் வீங்கத்தான் செய்யும் என்பது இங்குள்ளவர்களின் எண்ணம். அந்த வாரம் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் தக்காளி கிலோ பன்னிரண்டு ரூபாய்க்கு விற்றது. வேப்பிலை சும்மா கிடைத்தது.

இதற்கெல்லாம் அசருகிற ஊர் அல்ல இது. சில வருடங்களுக்கு முன், பொன் பிரித்த கழிவு மண் மலையாகக் குவிந்திருக்கும் சயனைடு மேட்டிலிருந்து ஒரு நாள் முழுக்கக் காற்று அடித்து, மைசூர் மைன்ஸ் பக்கம் கொடியில் காயப்போட்டிருந்த துணிகளெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்களின் அளவுக்கு மாறிப்போயின. ஒல்லி மனிதரின் சட்டை குண்டு மனிதருக்குச் சரியாக இருந்தது, குண்டு மனிதரின் சட்டை ஒல்லி மனிதருக்கு. ஜனங்கள் மாலையில் துணிகளை மாற்றிக்கொண்டு சாப்பிடப் போனார்கள். அதைப் பற்றி யாரும் செய்தித்தாளுக்கு எழுதவில்லை. அப்படிப்பட்ட ஊரில் ஒரு ரோபோவுக்குக் கன்னம் வீங்கியது ஒரு பெரிய விஷயமா என்றால், அது லவினா என்ற சிறுமிக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அதனால்தான் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

ரோபோவுக்குக் கம்பெனி வைத்த பெயர் இரண்டு ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணுமாக இருந்தது. அந்தப் பெயர் பள்ளியில் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. அது வந்து இறங்கிய ஆடி மாதத்தில்தான் மூன்றாம் வகுப்பில் இன்பராஜ் என்ற பையனின் குடும்பம் வீட்டைக் காலிசெய்துகொண்டு பெங்களூருக்குப் போயிருந்தது. கடைசி பெஞ்சில் அவன் இடம் காலியாக இருந்தது. ஐந்து வயதுப் பிள்ளையின் உயரம், உருண்ட முகம், கண்ணுக்குப் பதில் இரண்டு வெளிச்சம், கழுத்து என்று சொல்லத்தக்க ஒரு வளையம், இவற்றோடு வந்த ரோபோவை வகுப்பு டீச்சர் ரெபேக்கா அந்தக் காலி இடத்தில் உட்காரவைத்தார். மறுநாள் வருகை எடுக்கும்போது பழக்கதோஷத்தில் இன்பராஜ் என்று கூப்பிட்டுவிட்டார். ரோபோ "உள்ளேன் டீச்சர்" என்றது. அதோடு அதன் பெயர் இன்பராஜ் ஆயிற்று. அது என்பதும் சீக்கிரமே அவன் ஆயிற்று.

இன்பராஜ் எல்லாம் தெரிந்தவன் அல்ல. அப்படித்தான் அவனைச் செய்திருந்தார்கள். பக்கத்தில் எந்தப் பிள்ளை உட்கார்ந்தாலும், அந்தப் பிள்ளையைவிட ஒரு படி குறைவாகத் தெரிந்துவைத்திருப்பான். பிள்ளை அவனுக்குச் சொல்லிக்கொடுக்கும். சொல்லிக்கொடுக்கையில் அதற்கே பாடம் நன்றாகப் பிடிபடும் என்பது கம்பெனியின் யோசனை. கணக்கில் கெட்டிக்காரனான சுனில் பக்கத்தில் உட்கார்ந்தால் இன்பராஜ் பெரிய வகுத்தல் கணக்குகளில் தவறு செய்வான். மனோகர் உட்கார்ந்தால் சின்னக் கூட்டலிலேயே கோட்டைவிடுவான். பெற்றோருக்கு இந்த யோசனை சரியாகப் போய்ச் சேரவில்லை. இவ்வளவு செலவு செய்து ஒரு மக்குப் பையனைச் செய்து அனுப்பியிருக்கிறார்களே என்று சிலர் வருத்தப்பட்டார்கள். யாரோ ஒரு தாய் ஞாபகசக்திக்கு நல்லதென்று அவனுக்கு வல்லாரைத் துவையல் கொடுத்தனுப்பினாள்.

கடைசி பெஞ்சில் இன்பராஜுக்குப் பக்கத்தில் நிரந்தரமாக உட்கார்ந்திருந்தவள் லவினா. வீட்டில் அவள் வாய் ஓயாது. அப்பா ஸ்டீவனும் அம்மா மரியாவும் விடியற்காலையில் மாரிக்குப்பம் ஸ்டேஷனில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவர்கள். அவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் அன்றைய கதை முழுவதையும் சொல்லிமுடித்துவிடுவாள். ஆனால் வகுப்புக்குள் காலை வைத்ததும் வாயைப் பூட்டிக்கொள்வாள். ஒன்றாம் வகுப்பில் கன்னடப் பாடத்தைச் சத்தமாகப் படிக்கச் சொன்னபோது ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தாவிவிட்டாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அது அரை நிமிடச் சிரிப்புதான். சிரித்த பிள்ளைகள் அன்று மாலையே மறந்துவிட்டார்கள். லவினா மறக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடங்களாக எந்த டீச்சர் எழுப்பிவிட்டாலும் எழுந்து நிற்பாள், புத்தகத்தைப் பார்ப்பாள், உட்கார் என்று சொல்லும்வரை நின்றுகொண்டிருப்பாள்.

அவளைவிட ஒரு படி குறைவாகத் தெரிந்திருக்கவேண்டுமே என்று இன்பராஜ் காத்திருந்தான். அவள் எதுவுமே பேசாததால் அவனும் எதுவும் பேச முடியவில்லை. இருவரும் ஆடி முழுக்க ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஆவணியில் ஒரு நாள், மற்றப் பிள்ளைகள் விளையாடப் போயிருந்த நேரத்தில், அவன் புத்தகத்தில் ஓர் எழுத்தின் மேல் விரலை வைத்து, "இது இன்னா?" என்று கேட்டான். கம்பெனியில் அவனுக்குக் கற்றுத்தந்த தமிழில் 'இன்னா' இல்லை. இந்த ஊர்க் காற்றில் அது தானாக ஒட்டிக்கொண்டிருந்தது. லவினா நாலு பக்கமும் பார்த்துவிட்டு, அவன் காது இருக்கவேண்டிய இடத்தில் வாயை வைத்துச் சொன்னாள். அவன் அதைத் தப்பாகத் திருப்பிச் சொன்னான். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. தன்னைவிடத் தெரியாதவன் மேல் கோபப்படுகிற சுகம் அவளுக்கு அன்றுதான் முதல்முதலாகக் கிடைத்தது. "இத்தினி நேரம் இன்னாடா சொன்னேன்?" என்று அவன் தலையில் பென்சிலால் தட்டினாள்.

பொங்கலுக்குள் இருவரும் கழுதைப் பாடத்துக்கு வந்துவிட்டார்கள். பூசணிக்காய் மூட்டையோடு சந்தைக்குப் போகும் ஒரு வியாபாரியையும் அவன் கழுதையையும் பற்றிய நீளமான கன்னடப் பாடம் அது. வகுப்பில் பலருமே திணறுகிற பாடம். லவினா அதை முக்காலும் படித்தாள், ஆனால் கிசுகிசுப்பில், இன்பராஜுக்கு மட்டும். ரெபேக்கா டீச்சர் கிட்டே வந்தால் நிறுத்திவிடுவாள். ஆனாலும் டீச்சருக்குச் சந்தோஷம். மரியாவுக்கு அதைவிடச் சந்தோஷம், கூடவே ஒரு பயமும். இந்த ரோபோ என்றைக்காவது போய்விட்டால் திறந்த இந்த வாயும் திரும்ப மூடிக்கொள்ளுமே என்று ரயிலில் வரும்போதெல்லாம் நினைத்துக்கொள்வாள்.

மாசி நடுவில் லவினாவுக்குத்தான் முதலில் பொன்னுக்கு வீங்கி வந்தது. அதற்கு இங்கே வைத்தியம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கன்னத்தில் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பற்றுப் போடவேண்டும், கழுத்தில் பொன் போடவேண்டும், வீக்கம் வடியும்வரை அந்தப் பொன்னைக் கழற்றக்கூடாது. இந்த மண்ணிலிருந்து எவ்வளவு பொன் வெளியே போயிற்று என்று தெரிந்தவர்கள் பெங்களூரிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். சுரங்கத் தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டிய வீடுகளில், லவினா வீடு இருக்கும் லைன் முழுவதற்கும் அந்தச் சமயம் கைவசம் இருந்தது ஒரே ஒரு சங்கிலி. அது பார்வதம்மாவினுடையது. பார்வதம்மா லவினாவின் பக்கத்து வீடு. ஸ்டேஷன் வாசலில் ரயிலுக்குப் போகிறவர்களுக்கு இட்லி விற்பவள். ஒரு லைனுக்கு ஒரு தண்ணீர்க் குழாய் இருந்த மாதிரி பொன்னுக்கு வீங்கிக்கு ஒரு சங்கிலி. கேட்டால் முகம் சுளிக்காமல் கழற்றிக் கொடுப்பாள். மரியா வீட்டில் ஜெபமும் நடந்தது, சங்கிலியும் போட்டார்கள். இரண்டில் எதனால் குணமானது என்று யாரும் சண்டைக்கு வரவில்லை.

அந்த நாட்களில் லவினா வீட்டில் தனியாகக் கிடக்கிறாளே என்று ரெபேக்கா டீச்சர் ஒரு காரியம் செய்தார். மற்றப் பிள்ளைகளை அனுப்பினால் ஒட்டிக்கொள்ளும், ஆகவே இன்பராஜை அனுப்பினார். "மெஷினுக்கு இன்னா ஒட்டப்போவுது? இட்டுனு போங்க" என்று அவரே அவனைப் பார்வதம்மாவின் தள்ளுவண்டியில் இட்லிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஏற்றிவிட்டார். இன்பராஜ் பகலெல்லாம் லவினாவின் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் கேட்டான். அவளுக்கு வாய் வலித்ததால் விரலால் காட்டினாள், அவன் படித்தான், தப்பாகப் படித்தபோது கிள்ளினாள். அவள் கன்னம் வடிந்து, இருவரும் பள்ளிக்குத் திரும்பி, சங்கிலி பார்வதம்மாவின் கழுத்துக்குப் போன சில நாட்களில்தான் இன்பராஜின் வலது கன்னம் வீங்கியது.

ராபர்ட்சன்பேட்டையில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் சாம்ராஜிடம் காட்டினார்கள். அவர் இரண்டு கன்னத்தையும் அழுத்திப் பார்த்தார், இன்பராஜ் "ஆ" என்றான்.

"வயசு இன்னா?" என்று கேட்டார் டாக்டர்.

"இங்க வந்து ஏழு மாசம் டாக்டர்" என்றார் ரெபேக்கா.

"பால் குடிக்குதா?"

"கரண்ட்தான் டாக்டர்."

"அத்த நிறுத்தாதீங்க. புளிப்பு மட்டும் வேணாம்" என்று சொல்லி, ஏழு மாதக் குழந்தைக்கான அளவில் ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார். வாசலில் இன்னும் நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

பார்வதம்மா சங்கிலியைத் திரும்பவும் கழற்றினாள். ஒரு வினாடி யோசித்ததாகச் சொல்கிறார்கள். பிறகு, வலிக்கிறது என்று சொல்கிற எதற்கும் கழுத்து உண்டு என்று முடிவுசெய்து இன்பராஜின் வளையத்தில் மாட்டிவிட்டாள். லவினா பற்று அரைத்தாள். இன்பராஜுக்குத் தாடை அசையவில்லை. ஆவணியிலிருந்து ஓயாமல் "இது இன்னா?" என்று கேட்டுக்கொண்டிருந்த குரல் நின்றுபோயிற்று. அது நின்றதும் லவினாவும் பேச்சை நிறுத்தினாள். யாரும் கேள்வி கேட்காதபோது அவள் யாருக்குப் பதில் சொல்வது?

இன்பராஜின் உடம்புச் சூடு பெங்களூரில் கம்பெனியின் திரையில் சிவப்பாகத் தெரிந்தது. மறுநாள் மமதா என்ற இன்ஜினியர் பள்ளிக்கு வந்து சேர்ந்தாள். நல்ல பெண், முப்பது வயதுக்குள், எதையும் தொட்டுப்பார்த்துத்தான் நம்புவாள். இன்பராஜின் கன்னத்தைத் தொட்டுப்பார்த்தாள், தட்டிப்பார்த்தாள், தன் கன்னத்தை அதன் மேல் வைத்துச் சூடு பார்த்தாள். பிறகு, இதை எடுத்துக்கொண்டு போய் உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிடுவார்கள் என்றும், திங்கட்கிழமை வண்டியில் புதிது ஒன்று வரும் என்றும், புதிய வகைக்கு எல்லாப் பாடமும் முன்னாலேயே தெரியும், தவறே செய்யாது என்றும் கன்னடத்தில் சொன்னாள். அது நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னாள். லவினா இன்பராஜின் கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் தெரிந்த ஒருவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் வகுப்பின் கடைசி ஆள் மறுபடியும் அவள்தான்.

தடுத்தது, வீக்கம் எப்படி இருக்கிறதென்று பார்க்க வந்திருந்த பார்வதம்மாதான். மமதாவின் கன்னடத்துக்கு அவள் தமிழில் பதில் சொன்னாள், இங்கே அது சகஜம்.

"ஒக்காரும்மா, ரெண்டு இட்லி துன்னு. வீங்கினு கீது பாத்தியா? வடியாம சங்கிலிய கழட்டக் கூடாது. கழட்டினா உள்ள எறங்கிடும்."

இது இயந்திரம்மா என்றாள் மமதா.

"மெஷினா இருந்தா இன்னா, வலிக்குதே. சங்கிலியோட தூக்கினு போறியா? அது என் சங்கிலி. போலீஸ்டேஷன் இங்கதான் கீது."

மமதாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தங்கச் சங்கிலியோடு ஒரு ரோபோவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதற்குக் கம்பெனியில் எந்த விதியும் இல்லை. வீக்கம் வடிந்ததும் எடுத்துப் போகலாம் என்று ராபர்ட்சன்பேட்டையில் ஒரு லாட்ஜில் தங்கினாள். அதற்குள் வகுப்பில் சுனிலுக்கு வீங்கியது. அடுத்து மனோகருக்கு. பிறகு பெஞ்சு பெஞ்சாக எல்லாருக்கும் வீங்கியது. ரெபேக்கா டீச்சருக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வந்தது. கடைசியாக ஒரு காலை லாட்ஜ் கண்ணாடியில் மமதா தன் முகத்தைப் பார்த்தபோது வலது கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது.

இப்போது சிக்கல் வந்தது. சங்கிலி ஒன்று, கழுத்துகளோ வகுப்பு முழுக்க. முதலில் போட்ட கழுத்திலிருந்து அதைக் கழற்றவும் முடியாது. வேறு ஊராக இருந்தால் ஆளுக்கொரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு அவரவர் வீட்டில் படுத்திருப்பார்கள். இங்கே அப்படித் தோன்றவில்லை. "சங்கிலி வரமுடியாதுன்னா கழுத்துங்க வரட்டும்" என்று பார்வதம்மா சொல்லிவிட்டாள். வீங்கிய கன்னங்கள் எல்லாம் வேப்பிலைப் பற்றோடு மூன்றாம் வகுப்பறைக்கே வந்து சேர்ந்தன. பெற்றோரில் பாதிப் பேர் ரயிலுக்குப் போகிறவர்கள். பிள்ளைகள் ஒரே இடத்தில் இருப்பது அவர்களுக்கும் வசதியாக இருந்தது.

பார்வதம்மா இன்பராஜின் கழுத்திலிருந்த சங்கிலியைக் கழற்றாமல், கொஞ்சம் இழுத்துச் சுனிலின் கழுத்தைச் சுற்றினாள். சங்கிலி இளகிக் கொடுத்தது. அடுத்து மனோகர், அடுத்து அவனுக்குப் பக்கத்தில் இருந்தவள் என்று ஒவ்வொரு கழுத்துக்கும் தேவையான அளவு அது நீண்டுகொண்டே போனது. ரெபேக்கா டீச்சரைச் சுற்றி, மமதாவைச் சுற்றி, வகுப்பறையை முழுதாக ஒரு வட்டம் வந்து, மறுபடி இன்பராஜிடமே முடிந்தது. மார்க்கெட்டிலிருந்து ஒரு நகைப் பத்தர் வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு கண்ணி கண்ணியாகப் பார்த்தார். உருக்கிச் சேர்த்ததும் இல்லை, இழுத்து மெலிந்ததும் இல்லை என்று சொல்லிவிட்டு, டீ குடித்துப் போனார். மாலையில் பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பியபோது சங்கிலியும் கூடவே நீண்டு லைன் வாசல்களைத் தாண்டிச் சென்றது. லாட்ஜைக் காலிசெய்துவிட்டுப் பார்வதம்மா வீட்டுக் கட்டிலில் படுத்த மமதாவுக்கும் அது போதுமானதாக இருந்தது. தெருவில் ஸ்கூட்டரில் வந்தவர்கள் வண்டியை நிறுத்தி, சங்கிலியைக் கையால் தூக்கிப் பிடித்துக் குனிந்து, மறுபக்கம் போனார்கள். காலையில் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டே பள்ளிக்கு வந்தார்கள். அந்த வாரம் யாரும் தாமதமாக வரவில்லை.

சங்கிலிக்கு வெளியே இருந்த ஒரே பிள்ளை லவினா. அவளுக்குத்தான் முதலிலேயே வந்து போய்விட்டதே. அதாவது அந்த அறையில் திறக்கக்கூடிய வாய் அவளுடையது மட்டும்தான். மற்ற எல்லாரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், டீச்சர் உட்பட. ஆண்டுத் தேர்வோ கிட்டே வந்துகொண்டிருந்தது. ரெபேக்கா டீச்சர் கழுதைப் பாடத்தைத் திறந்து வைத்தார். லவினாவைக் கைகாட்டினார். புத்தகத்தைக் கைகாட்டினார்.

லவினா எழுந்து நின்றாள். வழக்கம்போல நின்றுகொண்டே இருந்தாள். இன்பராஜ் எப்போதும்போல "இது இன்னா?" என்று கேட்டிருந்தால் அவன் காதில் சொல்லியிருப்பாள். அவனால் கேட்க முடியவில்லை. அவன் சங்கிலி சலசலக்கக் கையை நீட்டி, முதல் எழுத்தின் மேல் விரலை வைத்தான். லவினா அவன் பக்கம் குனிந்து கிசுகிசுப்பில் ஆரம்பித்தாள். முன் பெஞ்சில் சுனில் காதைத் தொட்டுக் காட்டினான், கேட்கவில்லை என்று. அவள் கொஞ்சம் சத்தமாகப் படித்தாள். மமதா பெஞ்சைத் தட்டினாள், இன்னும் கேட்கவில்லை என்று. இன்னும் சத்தமாகப் படித்தாள். மூன்றாவது வரியில் ஒரு சொல்லைத் தலைகீழாகப் படித்துவிட்டாள். அவளுக்கே தெரிந்துவிட்டது. நிறுத்திவிட்டுச் சிரிப்புக்காகக் காத்திருந்தாள்.

சிரிப்பு வரவில்லை. சிரிக்கவேண்டும் என்று எல்லாருக்கும் ஆசைதான். மனோகரின் தோள் குலுங்கியது, உடனே கன்னத்தைப் பிடித்துக்கொண்டான், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பொன்னுக்கு வீங்கி வந்தவர்கள் சிரித்தால் உயிர் போகிற மாதிரி வலிக்கும். வகுப்பு முழுக்கக் கன்னத்தைத் தாங்கிக்கொண்டு பரிதாபமாக அவளைப் பார்த்தது. லவினா இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். வராது என்று தெரிந்ததும் அந்தச் சொல்லைச் சரியாகப் படித்து மேலே போனாள். அன்று கழுதை சந்தைவரைக்கும் போயிற்று.

அப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. கன்னடப் பாடம் முடிந்ததும் ஆங்கிலப் பாடம், அதற்கு மேல் கணக்கு. இன்பராஜின் தலையில் தட்டிய பென்சிலை எடுத்துக்கொண்டு பெஞ்சு பெஞ்சாகப் போனாள். யாராவது எழுதியது தப்பாக இருந்தால், "இத்தினி நேரம் இன்னா சொன்னேன்?" என்று கேட்டாள். பதில் சொல்ல யாருக்கும் வாய் இல்லாதது அவளுக்கு மிகவும் சௌகரியமாக இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே ஆடினாள் என்று சுனில் பிற்பாடு சொன்னான். ஆடட்டுமே, இரண்டு வருடக் கடன் பாக்கி இருந்தது.

சனிக்கிழமை கம்பெனியிலிருந்து மேனேஜர் மமதாவுக்கு போன் செய்தார். திங்கட்கிழமை வண்டியை அனுப்பலாமா என்று கேட்டார். மமதா "ம்ம்" என்றாள். ரோபோ தயாரா என்றார். அதற்கும் "ம்ம்" என்றுதான் அவளால் சொல்ல முடிந்தது. அவள் வேண்டாம் என்று தலையைத் தலையை ஆட்டியது போனில் அவருக்குத் தெரியாது. மமதா வேறு வழியில்லாமல் போனை லவினாவிடம் நீட்டினாள். லவினா முன்பின் தெரியாத ஒருவரோடு அதுவரை பேசியதே இல்லை. போனை வாங்கி இன்பராஜைப் பார்த்தாள். அவன் விளக்குக் கண்கள் மங்கலாக எரிந்துகொண்டிருந்தன. அவள் கன்னடத்தில் பேச ஆரம்பித்து, அவசரத்தில் தமிழுக்கு வந்துவிட்டாள்.

"வண்டி வேணாம் சார். அவன் வரமாட்டான். ஒடம்பு சரியில்ல."

"யார் பேசறது?" என்று கேட்டார் மேனேஜர்.

"இன்பராஜோட டீச்சர்."

குரல் மூன்றாம் வகுப்புக் குரல் என்று அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். புதிய ரோபோவுக்கு எல்லாமே தெரியுமே என்று மெதுவாகச் சொன்னார்.

"எல்லாம் தெரிஞ்சவனுக்கு நான் இன்னா சார் சொல்லிக்குடுக்கறது?" என்றாள் லவினா. "இவனுக்குப் பாடம் பாக்கி கீது. கழுத இன்னும் வூட்டுக்கு வரல."

இப்படி ஒரு வார்த்தையை ஒரு பிள்ளை சொல்லவேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் கம்பெனி மூன்று வருடமாக ரோபோ செய்துகொண்டிருந்தது. மேனேஜர் வண்டியை நிறுத்திவிட்டார். கன்னத்துக்கு என்ன செய்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார். லவினா சொன்னாள். அவர் அதை இரண்டு தரம் கேட்டு எழுதிக்கொண்டார்.

பங்குனி பிறந்ததும் கன்னங்கள் ஒவ்வொன்றாக வடிந்தன. வடிந்த கழுத்தைச் சங்கிலி தானாக விட்டுவிட்டுச் சுருங்கியது. மமதா விடுபட்ட அன்று பார்வதம்மாவிடம் எட்டு இட்லி வாங்கித் தின்றாள். பெங்களூருக்குப் போகும்போது இன்பராஜின் தலையைத் தடவிவிட்டுப் போனாள், எதையும் அழிக்கவில்லை. கடைசியாக வடிந்தது இன்பராஜுக்குத்தான். சங்கிலி பழைய அளவுக்கு வந்து பார்வதம்மாவின் கழுத்துக்குத் திரும்பியது. பத்தர் நிறுத்துப் பார்த்தார், எடை மாறவில்லை. இன்பராஜின் கன்னத்தில் மட்டும் கொஞ்சம் சதை மிச்சம் நின்றுவிட்டது. அது அவனுக்கு நன்றாகவே இருந்தது. அடுத்து வந்த ரோபோக்கள் எல்லாவற்றையும் கம்பெனி கொஞ்சம் உப்பிய கன்னத்தோடுதான் அனுப்புகிறது.

மரியாவின் பயம் மட்டும் வடியவில்லை. இத்தனை நாளும் பிள்ளைகள் சிரிக்க முடியாததால்தான் மகள் படித்தாள். இப்போது எல்லாருக்கும் வாய் சரியாகிவிட்டது. எல்லாரும் குணமாகி வந்த முதல் நாள் மரியா ரயிலுக்குப் போகவில்லை. வேலையில் சேர்ந்ததிலிருந்து காரணம் சொல்லாமல் லீவு போட்டது அன்றுதான். வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே, உள்ளே தெரியாதபடி நின்றுகொண்டாள். ரெபேக்கா டீச்சர் கழுதைப் பாடத்தைத் திறக்கச் சொல்லி, யார் படிக்கிறீர்கள் என்று கேட்டார். கடைசி பெஞ்சில் லவினா எழுந்தாள்.

நன்றாகத்தான் படித்தாள். வியாபாரி சந்தையில் பூசணிக்காயை விற்றான், கழுதை வெயிலில் நின்றது, இருவரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். அந்த இடத்தில் லவினா ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தாவினாள். அதனால் வியாபாரி தன் நீண்ட காதுகளை ஆட்டிக்கொண்டு நடந்தான் என்று படித்தாள். வகுப்பு வெடித்தது. இத்தனை நாள் கன்னத்துக்குள் அடக்கிவைத்திருந்த சிரிப்பு முழுவதும் சேர்ந்து வந்தது. சுனில் பெஞ்சில் விழுந்து சிரித்தான், மனோகர் தரையில் விழுந்து சிரித்தான், ரெபேக்கா டீச்சரும் வாயைப் பொத்திக்கொண்டார், இன்பராஜும் சிரித்தான். மரியா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு உள்ளே ஓடிப்போய் மகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் போல இருந்தது.

லவினா விரலை வரியில் வைத்தபடி நின்றாள். வகுப்பை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். அவளுக்கே உதட்டோரம் சிரிப்பு வந்தது. கடைசிச் சிரிப்பும் அடங்கும்வரை பொறுத்திருந்து, "சிரிச்சி ஆச்சா?" என்று கேட்டாள்.

"ஆச்சு" என்றார்கள்.

விட்ட வரியைத் தேடி எடுத்து, காதுகளைக் கழுதைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, அவள் மேலே படித்தாள்.